ஷிராடாகி பாஸ்தாவும் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளோரும்

பாஸ்தாவுக்குப் பதில் ஷிராடாகி (கலோரி ஏறக்குறைய இல்லாத ஜப்பானியக் கிழங்கு நூடுல்ஸ்) என்று தேடினால் வருகிற வீடியோக்களில் எல்லாம் ஒரே கதைதான். பாக்கெட்டை வெட்டு, அலசு, சாஸை ஊற்று, ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடு, "ஆஹா, பாஸ்தா மாதிரியே இருக்கே!" மாதிரியே எல்லாம் இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்தால் சாப்பிடும்படி இருக்கும். சில சாஸோடு சேரும்போது நன்றாகவே இருக்கும். அந்த ஒழுங்கில் என்னென்ன அடக்கம் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இது தேவைப்பட்ட காரணம் ரொம்பச் சாதாரணம். பாலிகிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. சிங்கப்பூரில் இது ஒன்றும் அபூர்வம் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சே நீரிழிவு மீது போர் அறிவித்த ஊர் இது. சோற்றைக் குறைப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. விட முடியாதது ஸ்பகெட்டி. உலர்ந்த பாஸ்தா 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 முதல் 370 கலோரி. தட்டுக்கு 80 கிராம் என்று அளந்து போட்டாலே 290 பக்கம் வந்துவிடும். நான் அளந்து போடுகிற ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

ஷிராடாகி இங்கே எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். தோஃபு இருக்கும் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் பையில் கண்ணாடி இழை போலச் சுருண்டு கிடக்கும். 200 கிராம் பாக்கெட் இரண்டு வெள்ளி சொச்சம். அதையே பெட்டியில் போட்டு, மேலே ஒரு தட்டு பாஸ்தா படம் அச்சடித்து 'ஸ்லிம்' என்று பெயர் வைத்தால் விலை இரட்டிப்பு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றேதான். பொருட்பட்டியலைப் படித்துவிட்டு ஜப்பானியப் பாக்கெட்டையே எடுங்கள்.

பட்டியலில் மூன்று பொருள்தான் இருக்கும்: தண்ணீர், கொன்யாக்கு மாவு, கால்சியம் ஹைட்ராக்சைடு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எதுல செஞ்சதுடா?" என்று கேட்டார்.

"கிழங்கும்மா. நம்ம சேனைக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"அப்ப அரிக்குமே. புளி போட்டு வேக வச்சாங்களாமா?"

"புளி இல்லம்மா. சுண்ணாம்பு."

"வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பா?"

அதேதான். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் நீற்றிய சுண்ணாம்பு. சேனைக்கிழங்கும் கொன்யாக்குக் கிழங்கும் அமார்ஃபோஃபாலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் பச்சையாகத் தொண்டையில் பட்டால் அரிக்கும். சொந்தம் அதோடு முடிந்தது. சேனையில் நிறைந்திருப்பது மாவுச்சத்து. கொன்யாக்கில் நிறைந்திருப்பது குளுக்கோமன்னன் என்கிற நார்ச்சத்து; நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. ஜப்பானில் விளைகிற கொன்யாக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குன்மா மாநிலத்தில் விளைகிறது. வசந்தத்தில் நட்டு, இலையுதிர் காலத்தில் தோண்டி, குளிர்காலத்தில் பத்திரமாக வைத்திருந்து மறுபடி நட்டு, இப்படி இரண்டு மூன்று வருடம் வளர்த்தால்தான் கிழங்கு ஆலைக்குப் போகிற பருமனுக்கு வரும். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்து, துளைகள் வழியாகக் கொதிநீரில் பிழிந்தால் ஷிராடாகி. ஏறக்குறைய 97 சதவீதம் தண்ணீர்.

சுண்ணாம்பு அங்கே செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் சமைப்பது சுலபமாகிவிடும். குளுக்கோமன்னன் சங்கிலிகளில் அங்கங்கே அசிட்டைல் தொகுதிகள் என்ற சின்ன வேதித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, சங்கிலிகளை ஒன்றோடொன்று நெருங்க விடாமல் தடுக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றைக் கழற்றிவிடுகிறது. தடை போனதும் சங்கிலிகள் பின்னிக்கொண்டு கெட்டியாகின்றன. இப்படி ஒருமுறை உறைந்தது மறுபடி இளகாது. அகர் அகர் ஜெல்லியைச் சூடாக்கினால் உருகி ஓடும். ஷிராடாகியை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும். ஆகவே குழைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அடுப்பில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

முதல் வேலை வாடையைப் போக்குவது. பாக்கெட்டை வெட்டியதும் மீன் கழுவிய தண்ணீர் வாடை வரும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களைத் தெரியும். கெடவில்லை. கிழங்குக்கே உரிய அமீன் வகை வாடை அது; காரத்தன்மையுள்ள தண்ணீரில் இன்னும் தூக்கலாகத் தெரியும். மீனுக்கு எலுமிச்சை பிழிகிற அதே காரணத்தால் இதற்கும் புளிப்பு வேலை செய்கிறது. வடிதட்டில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் விரலால் அளைந்து அலசவும். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகரோ அரை எலுமிச்சையோ விட்டு ஐந்து நிமிடம் ஊறவிடவும். மறுபடி அலசி, கொதிக்கிற தண்ணீரில் மூன்று நிமிடம். இதற்கு மேலும் வாடை அடித்தால் உங்கள் மூக்கு என் மனைவியின் மூக்கைப் போன்றது. இன்னொரு தடவை கொதிக்க விடுங்கள்.

அலசும்போதே கத்தரிக்கோலை எடுத்து நாலைந்து இடத்தில் வெட்டிவிடுவது நல்லது. இழைகள் ரொம்ப நீளம், பல்லால் சுலபத்தில் அறுபடாது. முள்கரண்டியில் சுற்றி வாயில் வைத்தால் பாதி வாயிலும் பாதி தட்டிலும் தொங்கும்.

அடுத்து வறட்டுவது. மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான் என்பேன். ஷிராடாகியை அலசியதோடு சாஸில் போட்டால் அதன் மேலே படிந்திருக்கிற தண்ணீரும், உள்ளேயிருந்து கசிகிற தண்ணீரும் சேர்ந்து சாஸை நீர்த்துப்போகச் செய்துவிடும். நான்ஸ்டிக் வாணலியை எண்ணெய் விடாமல் நன்றாகக் காயவைத்து, வடித்த நூடுல்ஸைக் கொட்டுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும், ஆவி குபுகுபுவென்று கிளம்பும், அடியில் தண்ணீர் தேங்கிக் கொதிக்கும். இடுக்கியால் பிரித்துப் பிரித்துப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து நிமிடத்தில் கொதிக்கிற சத்தம் அடங்கி, இழைகள் வாணலியில் உரசுகிற மெல்லிய கீச்சொலி கேட்கும். பல வீடியோக்களில் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இன்னும் மூன்று நான்கு நிமிடம் போகட்டும். கண்ணாடி போல இருந்த இழை மங்கிய வெள்ளையாக மாறும், கொஞ்சம் மெலியும், ஒன்றோடொன்று லேசாக ஒட்டும். இடுக்கியால் ஒரு கொத்து தூக்கினால் நழுவாமல் கூடவே வரும். அப்போது அடுப்பை அணைக்கலாம்.

சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். வடித்தபோது 200 கிராம் இருந்தது, வறட்டிய பிறகு 140 சொச்சம். ஆவியாய்ப் போன அந்த அறுபது கிராம் தண்ணீரும் இல்லாவிட்டால் சாஸுக்குள்தான் போயிருக்கும். கால் டம்ளர் தண்ணீரை யாராவது சாஸில் ஊற்றுவார்களா?

இனி சாஸ். தக்காளி சாஸில்தான் தொடங்கினேன், குழந்தைகளுக்குப் பிடித்தது என்பதால். பாட்டில் மரினாராவைச் சூடாக்கி, வறட்டிய நூடுல்ஸைப் போட்டுப் பிரட்டித் தட்டில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் தக்காளி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், நடுவில் சிவப்புத் தண்ணீர். மனைவி முள்கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டு, "என்னங்க இது, ரசத்துல நூலை ஊற வச்ச மாதிரி இருக்கு" என்றாள். வறட்டியும் ஏன் இப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

விடை நூடுல்ஸில் இல்லாத ஒரு பொருளில் இருந்தது. பாஸ்தாவை வேகவைக்கும்போது தண்ணீர் கலங்கலாகிறதே, அது கோதுமையிலிருந்து கரைந்து வருகிற மாவுச்சத்து. இத்தாலியச் சமையலில் அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து வைத்து சாஸில் ஊற்றச் சொல்வது சும்மா இல்லை. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைப்பது, சாஸை இழையோடு ஒட்ட வைப்பது, சீஸ் கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த மாவின் வேலை. ஷிராடாகியில் மாவுச்சத்து கிடையாது. கலோரி இல்லாமல் போனதும் அதனால்தான், சாஸ் ஒட்டாமல் போனதும் அதனால்தான். வேகவைத்த தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதைச் சாஸில் ஊற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. சரி, எடுத்துவிட்டதில் ஒரு சிட்டிகையைத் திருப்பிப் போட்டால் என்ன?

ஒரு தட்டுக்கு அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர். எடை ஒன்றரை கிராம்கூட வராது, கலோரி ஐந்துக்குப் பக்கம். இரண்டு மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தக்காளி சாஸில் ஊற்றிக் கிளறினால் அரை நிமிடத்தில் சாஸுக்குப் பளபளப்பு ஏறும். ஆனால் தக்காளிக்கு இது மட்டும் போதாது. கார்ன்ஃப்ளோரை ஊற்றும் முன் சாஸை நன்றாகச் சுண்டவைக்க வேண்டும். நம் வீட்டில் தக்காளித் தொக்கு கிண்டும்போது எண்ணெய் பிரிகிற பதம் வருமே, அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தினால் சரியாக இருக்கும். பாட்டில் சாஸைவிடத் தக்காளி பேஸ்ட்டில் தொடங்குவது லாபம். தண்ணீர் முன்கூட்டியே போயிருக்கும். பூண்டு, நெத்திலி, கேப்பர், உலர்ந்த மிளகாய் என்று அழுத்தமான பொருள்களாகப் போடுங்கள். நூடுல்ஸுக்கென்று ஒரு ருசியும் கிடையாது, சாஸ் ஒன்றுதான் பேச வேண்டும்.

உப்பு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பாஸ்தா வேகும்போதே உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஷிராடாகி முன்பே தண்ணீர் நிறைந்து உறைந்துபோன கூழ். மூன்று நிமிடம் உப்புத் தண்ணீரில் கொதித்தாலும் உப்பு மேலோடு நின்றுவிடும். அதற்காகச் சாஸில் உப்பை அள்ளிப் போட்டால் ரத்த அழுத்தக்காரர்களுக்கு வேறு தொல்லை. வறட்டிய நூடுல்ஸைச் சாஸில் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் விட்டால் கொஞ்சம் உள்ளே இறங்கும். ஜப்பானியர்கள் ஓடென் என்ற சாற்றுச் சமையல் செய்யும்போது கொன்யாக்குக் கட்டிகளைக் கீறிவிட்டு மணிக்கணக்கில் சாற்றில் கிடக்க விடுவது இதற்காகத்தான். சுக்கியாக்கி என்ற இறைச்சிச் சட்டிச் சமையலிலும் ஷிராடாகி இனிப்பும் சோயாவும் கலந்த சாற்றில் நிதானமாக ஊறுகிறது. அங்கே அதை எதற்கும் பதிலாகப் போடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டியில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, யாரும் அதைக் கோதுமையோடு ஒப்பிடுவதில்லை. பாஸ்தாவாக வேடம் போடச் சொல்வது நாம்தான்.

ஆலியோ ஒலியோ என்கிற பூண்டு எண்ணெய்ப் பாஸ்தாவில் கார்ன்ஃப்ளோரின் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பூண்டும் மிளகாயும் வதக்கிய எண்ணெய் தனியாக இருந்தால் இழையில் நிற்காமல் வழுக்கித் தட்டின் அடிக்குப் போய்விடும். அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளோரைக் கரைத்து வாணலியில் ஊற்றி வேகமாக ஆட்டினால், எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து மெல்லிய வெண்ணிறச் சாஸாக மாறி இழையைச் சுற்றி நிற்கிறது. ஆனால் ஒலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. வழக்கமாக நான் ஊற்றுவது இரண்டரை. நூடுல்ஸில் மிச்சம் பிடித்த அத்தனையும் எண்ணெய் வழியாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். பாக்கெட்டின் முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய பூஜ்யம் போட்டிருந்தாலும் தட்டில் இருப்பது பூஜ்யம் இல்லை. கார்ன்ஃப்ளோர் தந்த உண்மையான லாபம் இங்கேதான்: சாஸ் வழுக்காமல் நிற்பதால் ஒரே ஒரு கரண்டி எண்ணெயில் முழுத் தட்டையும் முடிக்க முடிகிறது.

பாக்கெட்டுக்குப் பாக்கெட் கலோரி மாறுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஐரோப்பியக் கணக்கில் நார்ச்சத்துக்கும் கிராமுக்கு 2 கலோரி உண்டு. அதனால் ஒன்றில் 0, இன்னொன்றில் 100 கிராமுக்கு 8 என்று இருக்கும். பொருள் ஒன்றுதான்.

இனி எனக்குப் பிடித்த சமாசாரம், காச்சியோ எ பெபே. ரோமாபுரிப் பதார்த்தம். ஆட்டுப்பால் சீஸான பெக்கோரினோ, மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. கோதுமைப் பாஸ்தாவிலேயே சறுக்குகிற சமையல் இது. சூடு கொஞ்சம் ஏறினால் சீஸ் திரிந்து, ஒரு பக்கம் ரப்பர் உருண்டை, மறுபக்கம் மோர் தண்ணீர். மாவே இல்லாத ஷிராடாகியில் வழக்கமான முறையில் செய்தால் திரியாமல் வர வழியே இல்லை.

2025இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இந்தச் சாஸ் ஏன் திரிகிறது என்று ஆராய்ந்து 'ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசும் அதே ஆண்டு அதற்குக் கிடைத்தது. சிரிப்பாக இருந்தாலும் அடுக்களைக்கு உதவுகிற கண்டுபிடிப்பு. சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் கீழே மாவுச்சத்து இருந்தால் சூடு ஏறியதும் கட்டி தட்டும். 2 முதல் 3 சதவீதம் இருந்தால் வழவழவென்று நிற்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் ஆறும்போது கெட்டியாகிவிடும். பாஸ்தாத் தண்ணீரில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் கார்ன்ஃப்ளோரையோ உருளை மாவையோ அளந்து தனியாகக் கரைத்துப் போடுங்கள் என்பது அவர்கள் யோசனை. அவர்கள் எழுதியது நிஜப் பாஸ்தாவுக்கு. எனக்கோ இது ஷிராடாகிக்கென்றே எழுதியதாகப் பட்டது. மாவை வெளியிலிருந்து போடுவது என்று ஆனபிறகு நூடுல்ஸில் மாவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இரண்டு பேருக்கு நான் செய்கிற அளவு: பெக்கோரினோ 80 கிராம், பொடியாகத் துருவியது. கார்ன்ஃப்ளோர் 2 கிராம், அதாவது தலை தட்டிய டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் 50 மில்லி. மாவைத் தண்ணீரில் கரைத்துச் சின்னப் பாத்திரத்தில் சிறு தீயில் கிளறினால், பால் போலிருந்தது தெளிந்து பசை மாதிரி ஆகும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுச் சீஸோடு சேர்த்து மிக்சியில் ஒரு சுற்று. மிளகை வெறும் வாணலியில் வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டி வையுங்கள். இரண்டு பாக்கெட் ஷிராடாகியை முன்சொன்னபடி வறட்டி அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துச் சீஸ் விழுதைப் போட்டுப் பிரட்டுங்கள். பொறுப்பது முக்கியம். 65 டிகிரிக்கு மேலே போனால் மாவு இல்லாத சீஸ் திரிய ஆரம்பிக்கும். மாவு இருந்தால் கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும், ஆனாலும் வறட்டிய வாணலி நாம் நினைப்பதைவிடச் சூடாக இருக்கும். சாஸ் இழையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, தட்டில் ஒரு சொட்டு வடியாமல் நின்றது. பெக்கோரினோ இங்கே விலை அதிகம். பர்மேசானில் செய்தாலும் நிற்கும், உப்பும் காரமும்தான் ஒரு சுற்றுக் குறையும்.

ஒரு தட்டுக் கணக்கு: சீஸ் 40 கிராமுக்கு 155 கலோரி சொச்சம், மாவு 4, நூடுல்ஸ் பதினைந்துக்குள். மொத்தம் 175. அதே சாஸ், கோதுமைப் பாஸ்தாவில் 445. வித்தியாசம் கண்ணில் தெரிகிற அளவு பெரியதுதான்.

வெண்ணெயும் பர்மேசானும் சேர்ந்த அல்ஃபிரெடோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. எதிலும் ஒட்டும், இதிலும் ஒட்டுகிறது. கலோரியைக் குறைக்க நூடுல்ஸை மாற்றிவிட்டு வெண்ணெயை ஐம்பது கிராம் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பெஸ்தோ பரவாயில்லை; வறட்டல் சரியாக இருந்தால் கார்ன்ஃப்ளோர்கூட வேண்டாம், அரைத்த இலையும் கொட்டைகளுமே பிடிப்பைக் கொடுக்கும்.

சாஸ் ஒட்டுகிற பிரச்சினை தீர்ந்தாலும் கடிக்கும்போது உண்மை தெரிந்துவிடும். கோதுமைப் பாஸ்தாவைக் கடித்தால் பல் உள்ளே இறங்கும், நடுவில் ஒரு சின்ன எதிர்ப்பு இருக்கும். ஷிராடாகி வளைந்து கொடுத்து, ஒரு கணம் தாக்குப்பிடித்து, பட்டென்று அறுபடுகிறது. பற்களுக்கிடையில் மெல்லிய கீச்சொலிகூட உண்டு. எந்தச் சாஸும் இதை மறைக்காது. பலரும் ஒரு பாக்கெட்டோடு கைவிடுவதற்கு இந்தக் கடிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கு நான் கண்ட வழி பாதிப் பாதி. 40 கிராம் ஸ்பகெட்டினி (மெல்லிய ஸ்பகெட்டி), ஒரு பாக்கெட் ஷிராடாகி. இரண்டும் பருமனில் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பட்டையான ஷிராடாகி வாங்கினால் ஃபெட்டுச்சினியோடு சேர்க்கவும். பாஸ்தாவை அகலமான வாணலியில், மூழ்குகிற அளவுத் தண்ணீரில் மட்டும் வேகவிடுங்கள். தண்ணீர் குறைவாக இருப்பதால் மாவு அடர்த்தியாக இறங்கும். பக்கத்து அடுப்பில் வறட்டிய ஷிராடாகி சாஸில் ஊறிக்கொண்டிருக்கட்டும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் பாஸ்தாவை எடுத்துச் சாஸில் சேர்த்து, அந்தக் கலங்கல் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு முடியுங்கள். இதற்குக் கார்ன்ஃப்ளோர் வேண்டாம், பாஸ்தாவே தன் மாவைக் கொடுத்துவிடுகிறது. நூடுல்ஸ் கணக்கு 160 கலோரிக்குள் அடங்கும், தட்டு நிறைந்திருக்கும், ஒவ்வொரு வாயிலும் கோதுமையின் கடி இருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பரிமாறினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் பாதித் தட்டைக் காலி செய்த பிறகு, "அப்பா, இதுல சில நூடுல்ஸ் மட்டும் சத்தம் போடுது" என்றாள்.

முழுத் தட்டும் கோதுமையாக இருந்தபோது அதிலேயே 10 கிராம் புரதம் வந்துகொண்டிருந்தது. ஷிராடாகியில் புரதம் என்று எழுதுவதற்கே ஒன்றும் இல்லை. அதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் வயிறு பிறாண்ட ஆரம்பித்து, பிஸ்கட் டப்பாவைத் திறக்க வைக்கும். முட்டையோ கோழியோ இறாலோ, சைவத்துக்குக் கொண்டைக்கடலையோ தட்டில் இருந்தே ஆக வேண்டும். சோயா சேர்த்த தோஃபு ஷிராடாகியும் கிடைக்கிறது. மென்மையாக இருக்கும், கீச்சொலி குறைவு, ஆனால் வாணலியில் வேகமாகப் புரட்டினால் துண்டு துண்டாகும். புரதமும் அதில் பெயருக்குத்தான்.

குளுக்கோமன்னன் எடையைக் குறைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பதற்குப் பின்னால் ஒரு விவரம் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது, உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளுக்கு 3 கிராம், தலா ஒரு கிராமாக மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு எடுப்பதைப் பற்றி. ஷிராடாகியோ முன்பே உறைந்த கூழ். வயிற்றுக்குள் போய் உப்புகிற தூள் இல்லை. அந்தப் பலனை அப்படியே இதற்கும் எழுதிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு இது தட்டில் இடத்தை நிரப்புகிற பொருள், அவ்வளவுதான்.

மென்று சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொன்யாக்கு சேர்த்த சிறு கோப்பை ஜெல்லி குழந்தைகள் தொண்டையில் சிக்கிய சம்பவங்களுக்குப் பிறகு, 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எச்சரிக்கை விட்டார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் தடையே போட்டார்கள். நூடுல்ஸுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் வாயில் கரையாத, வெந்தாலும் இளகாத பொருள் இது. சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் பொடியாக வெட்டிக் கொடுங்கள். முழுங்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கு வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தட்டிலிருந்து மாவுச்சத்தைத் திடீரென்று இவ்வளவு குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு இருக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். பழக்கமில்லாத வயிற்றுக்கு முதலில் வாயு கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பாக்கெட் சாப்பிட்டுப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்தால் உள்ளிருக்கிற தண்ணீர் பனித்துகளாகி வெளியே வந்துவிடும். கரைந்த பிறகு கையில் இருப்பது ஓட்டை விழுந்த ஸ்பாஞ்ச். ஆனால் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் சமைத்ததை மறுநாள் வரை வைப்பதில் இது பாஸ்தாவை அடித்துவிடுகிறது. கோதுமைப் பாஸ்தா இரவு முழுக்கச் சாஸை உறிஞ்சி, காலையில் உப்பிக் குழைந்து ஒரே கட்டியாய்க் கிடக்கும். ஷிராடாகி ஒரு மில்லிமீட்டர்கூட உப்பாது, உப்பும் பூண்டும் மட்டும் மெதுவாக உள்ளே இறங்கியிருக்கும். அலுவலகத்துக்குச் சாப்பாடு கட்டுகிற நாளுக்கு முந்தின இரவே சுண்டிய தக்காளி சாஸில் பிரட்டி வைத்துவிடுகிறேன். டப்பாவின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் கசிந்திருக்கும். அதைச் சிங்க்கில் சாய்த்துவிட்டு, மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து, மேலே ஒரு அவித்த முட்டையை வெட்டிப் போட்டால் போதும்.